கோசூத் கவுண்டிக்கு வரும் மானியம் யாருடையது?

அமெரிக்காவில் எந்த விவசாயிக்கு அரசு எவ்வளவு பணம் கொடுத்தது என்பதை வீட்டில் உட்கார்ந்தபடியே பார்த்துவிடலாம். என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு, தகவல் சுதந்திரச் சட்டத்தின் வழியாக வேளாண்மைத் துறையிடமிருந்து கணக்குகளை வாங்கி, 1995 முதல் ஆண்டுவாரியாகவும் கவுண்டிவாரியாகவும் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் போல) இணையத்தில் போட்டுவைத்திருக்கிறது. வாங்கியவர் பெயர், ஊர், தொகை எல்லாம் அதில் உண்டு. பக்கத்து நிலத்துக்காரர் எவ்வளவு வாங்கினார் என்று தெரிந்துகொள்ளும் ஆசை யாருக்குத்தான் இருக்காது?

ஆனால் எந்தத் திட்டத்தில் வந்தது என்று சொன்னாலும், அந்தத் தொகை எப்படி முடிவானது என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. போன வருடம் மழை பொய்த்தது, விலை விழுந்தது, அந்த நஷ்டத்தை அரசு ஈடுகட்டியது என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் அதில் பெரும்பகுதி, அந்த நிலத்தில் பல வருடங்களுக்கு முன்னால் என்ன விதைத்தார்கள் என்பதையும், அந்தக் கவுண்டி முழுவதன் சராசரி விளைச்சல் என்ன என்பதையும் வைத்து முடிவாகிறது. இந்த வருடம் அந்த நிலத்தில் உழுதவருக்கு என்ன ஆயிற்று என்பது அப்புறம்தான்.

அயோவா மாநிலத்தின் கோசூத் கவுண்டியை எடுத்துக்கொள்கிறேன். மினசோட்டா எல்லையை ஒட்டி, வடக்கே இருக்கிறது. ஹங்கேரியின் விடுதலைத் தலைவர் லாயோஷ் கோசூத்தின் பெயரை வைத்திருக்கிறார்கள். அயோவாவின் 99 கவுண்டிகளில் பரப்பில் இதுதான் பெரியது, சுமார் 970 சதுர மைல். தலைநகர் அல்கோனா. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் 26,000 பேர் இருந்த இடத்தில் 2020 கணக்கெடுப்பில் 15,000 பேர்கூட இல்லை. ஆள் குறைந்ததே தவிர வெள்ளாமை குறையவில்லை. பல வருடங்களில் அயோவாவிலேயே அதிக மக்காச்சோளம் விளைவது இங்கேதான். மக்காச்சோளம், சோயா, பன்றி: பொருளாதாரம் இந்த மூன்றில் அடங்கிவிடும்.

ஒரு காலத்தில் இதெல்லாம் குட்டையும் சதுப்புமாகக் கிடந்த புல்வெளி. நிலத்துக்கு அடியில் குழாய் பதித்து நீரை வடித்துத்தான் வயலாக்கினார்கள். அந்தச் சரித்திரமும் மானியத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. 1985 டிசம்பர் 23க்குப் பிறகு சதுப்பு நிலத்தை வடித்துப் பயிரிடுவதற்காக மாற்றியவர்களுக்கு மானியம் கிடையாது. அப்படிச் செய்யவில்லை என்று ஏடி-1026 என்ற படிவத்தில் கையெழுத்துப் போட்டால்தான் மற்ற எதுவும் நகரும்.

படிவம் என்றால் அது ஒன்று மட்டுமா! பணம் பட்டுவாடா செய்வது வேளாண்மைத் துறையின் ஃபார்ம் சர்வீஸ் ஏஜென்சி. அதன் கவுண்டி அலுவலகம் அல்கோனாவில் இருக்கிறது. ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு பண்ணை எண், அதற்குள் துண்டு எண், அதற்குள் வயல் எண். வானிலிருந்து எடுத்த படத்தின் மேல் வரப்புகளைக் கோடு போட்டுக் காட்டிய வரைபடத்தை வைத்துக்கொண்டு, எந்த வயலில் எந்தப் பயிர், எத்தனை ஏக்கர், எந்தத் தேதியில் விதைத்தது என்று ஜூலை 15க்குள் சொல்லியாக வேண்டும். அது 578ஆம் எண் படிவம். நீங்களே நின்று விவசாயம் செய்கிறீர்களா, உழைப்பு யாருடையது, முதல் யாருடையது என்பதற்கு 902. மூன்று வருடச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலருக்கு மேல் போகவில்லை என்பதற்கு 941. எந்தத் திட்டத்தில் சேருகிறீர்கள் என்பதற்கு 861. நம் ஊரில் அடங்கலும் சிட்டாவும் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களுக்கு இது ஒன்றும் புதிதாகத் தெரியாது.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்பதற்கு 1933க்குப் போக வேண்டும். அதற்கு முந்தைய குளிர்காலத்தில் அயோவாவில் ஒரு புஷல் மக்காச்சோளம், அதாவது சுமார் 25 கிலோ, பத்துப் பன்னிரண்டு சென்ட்டுக்குப் போனது. நிலக்கரி வாங்குவதைவிடச் சோளத்தை அடுப்பில் போடுவது மலிவாக இருந்தது. கடன் கட்ட முடியாத நிலங்கள் ஏலத்துக்கு வந்தன. ஏப்ரல் 27 அன்று லெ மார்ஸ் என்ற ஊரில் விவசாயிகள் கூட்டமாக நீதிமன்றத்துக்குள் நுழைந்து, இனி ஜப்தி ஆணையில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சத்தியம் செய்யும்படி நீதிபதி சார்லஸ் பிராட்லியைக் கேட்டார்கள். அவர் மறுத்தார். வெளியே இழுத்துப்போய்க் கழுத்தில் கயிறு மாட்டினார்கள். உயிரோடு விட்டுவிட்டார்கள் என்றாலும் ஆளுநர் அங்கே ராணுவச் சட்டம் போட வேண்டியதாயிற்று. இரண்டு வாரம் கழித்து, மே 12 அன்று, விவசாயச் சீரமைப்புச் சட்டத்தில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். அதை நடத்தியவர் வேளாண்மை அமைச்சர் ஹென்றி வாலஸ். அவரும் அயோவாக்காரர்தான். கலப்பின மக்காச்சோள விதை விற்கும் கம்பெனியைத் தொடங்கியவர்.

அந்தச் சட்டத்தின் கணக்கு எளிமையானது. விளைச்சல் அதிகம், அதனால்தான் விலை இல்லை. எனவே குறைவாக விதை, அதற்குப் பணம் வாங்கிக்கொள். அந்த வருடம் பயிரை விதைத்தாகிவிட்டது, பன்றிகள் குட்டி போட்டாகிவிட்டது. ஆகவே அரசே சுமார் 60 லட்சம் பன்றிக்குட்டிகளை வாங்கிக் கொன்றது. நாட்டில் பசியோடு மக்கள் வரிசையில் நின்ற நேரம் அது. வாலஸின் பெயர் அதில் நிறையவே கெட்டது. மக்காச்சோளத்துக்கு வேறு ஒரு வழி செய்தார்கள். சோளத்தைக் களஞ்சியத்தில் வைத்து முத்திரை போட்டுவிட்டால் புஷலுக்கு 45 சென்ட் கடன். விலை ஏறினால் விற்றுக் கடனைக் கட்டலாம். ஏறாவிட்டால் சோளத்தை அரசிடம் விட்டுவிட்டு நடையைக் கட்டலாம், வேறு பாக்கி கிடையாது. இந்தக் கடன் முறை உருமாறி இன்றும் இருக்கிறது.

1936 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சட்டத்தின் முக்கியப் பகுதியைத் தள்ளுபடி செய்தது. சில வாரங்களுக்குள், மண்ணைக் காப்பாற்றுவதற்காகக் கொடுக்கிறோம் என்று காரணத்தை மாற்றிக்கொண்டு கிட்டத்தட்ட அதே பணத்தை அரசு திரும்பக் கொடுக்கத் தொடங்கியது. காரணம் மாறும், காசோலை மாறாது: அடுத்த 90 வருடங்களும் இதேதான்.

எந்த விவசாயிக்கு எத்தனை ஏக்கர் ஒதுக்கீடு என்று முடிவு செய்ய வாஷிங்டனில் இருந்துகொண்டு முடியாதே. அதற்காகக் கவுண்டிதோறும் விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் குழுக்களை வைத்தார்கள். அந்தக் குழுக்கள் இன்றும் உண்டு: மூன்று முதல் 11 பேர், மூன்று வருடப் பதவி. உள்ளூர்க்காரர்களே உள்ளூர் விஷயத்தை முடிவு செய்வது நல்ல ஏற்பாடாகத்தான் தோன்றும். தெற்கு மாநிலங்களில் அது வேறு மாதிரி போயிற்று. குழுக்களில் வெள்ளை நில உரிமையாளர்களே உட்கார்ந்திருந்தார்கள். கறுப்பின விவசாயிகளின் கடன் மனுக்கள் தாமதமாயின, குறைக்கப்பட்டன, மறுக்கப்பட்டன. வட கரோலினாவின் திமத்தி பிக்ஃபோர்டும் மற்றவர்களும் தொடுத்த வழக்கு 1999இல் சமரசத்தில் முடிந்து, அரசு 100 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. காலதாமதமாக மனுப் போட்டவர்களுக்காக 2010இல் இன்னொரு 125 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதற்குள் நிலத்தை இழந்தவர்கள் இழந்தவர்கள்தான்.

இப்போது விஷயத்தின் நடுப்பகுதிக்கு வருவோம். கோசூத்தில் ஒரு பண்ணை எண்ணை எடுத்துப் பார்த்தால் அதன் பக்கத்தில் அடிப்படை ஏக்கர் என்று ஒரு கணக்கு இருக்கும். 400 ஏக்கர் நிலத்தில் 230 மக்காச்சோள அடிப்படை, 150 சோயா அடிப்படை என்பது போல. இது இந்த வருடச் சாகுபடி இல்லை. அந்த நிலத்தில் எப்போதோ என்ன விதைத்தார்கள் என்பதன் பதிவு. சோளக் கணக்கின் வேர் 1980களின் சாகுபடியில் இருக்கிறது. 2002இல் வந்த விவசாயச் சட்டம், 1998 முதல் 2001 வரை விதைத்ததை வைத்துப் புதுப்பித்துக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுத்தது. 2014 சட்டம், 2009 முதல் 2012 வரை விதைத்ததை வைத்துச் சோளத்துக்கும் சோயாவுக்கும் இடையே மாற்றிப் பிரித்துக்கொள்ள விட்டது, மொத்தத்தைக் கூட்ட விடவில்லை. நிலத்தை விற்றால் இந்த அடிப்படை ஏக்கரும் நிலத்தோடு போகும். சோள அடிப்படை உள்ள வயலில் முழுக்கச் சோயா போட்டாலும், மானியம் சோளத்துக்குத்தான் வரும்.

இப்படி ஒரு விசித்திரத்தை யோசித்துச் செய்தார்கள் என்பதுதான் சுவாரசியம். 1996இல் குடியரசுக் கட்சியின் பெரும்பான்மையோடு இருந்த காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், என்ன விதைக்க வேண்டும் என்று அரசு சொல்வதை நிறுத்தியது. அதற்குப் பதிலாக போகப்போகக் குறையும் ஒரு தொகையை ஏழு வருடத்துக்கு அடிப்படை ஏக்கர் கணக்கில் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிவிடலாம் என்பது திட்டம். பயிரோடு பணத்தைக் கட்டிவைத்தால் எல்லோரும் மானியத்துக்காக விதைப்பார்கள், விலை இன்னும் விழும், அதனால் பிரித்துவிடு என்று பொருளாதார நிபுணர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. 1998இல் விலை சரிந்தது. கையைக் கழுவ வந்தவர்களே அவசர உதவி, அவசர உதவி என்று நான்கு வருடம் தொடர்ந்து அள்ளிக் கொடுத்தார்கள். 2000இல் அரசு கொடுத்தது 2,000 கோடி டாலரைத் தாண்டியது. 2002இல் அந்தக் குறையும் தொகையை குறையாத நேரடித் தொகையாக மாற்றிவிட்டார்கள். மக்காச்சோளத்துக்குப் புஷலுக்கு 28 சென்ட், சோயாவுக்கு 44 சென்ட். சந்தை விலை எதுவானாலும், விதைத்தாலும் விதைக்காவிட்டாலும் உண்டு.

இதன் விளைவு டெக்ஸாஸில் பல்லை இளித்தது. ஹூஸ்டன் பக்கம் நெல் விளைந்த நிலங்களைப் பிரித்து, பெரிய மனைகளாக்கி வீடு கட்டினார்கள். வீட்டுக்குப் பின்னால் புல்லும் இரண்டு மாடும். அந்த மனைக்கும் பழைய நெல் அடிப்படை ஏக்கர் ஒட்டிக்கொண்டே வந்தது. 2006இல் வாஷிங்டன் போஸ்ட் இதைத் தோண்டி எடுத்து, 2000 முதல் விவசாயமே செய்யாதவர்களுக்குக் குறைந்தது 130 கோடி டாலர் போயிருக்கிறது என்று எழுதியது. அப்படியும் அடுத்த எட்டு வருடம் நேரடித் தொகை நீடித்தது. சோளம் புஷலுக்கு 6, 7 டாலர் விற்று விவசாயிகள் நன்றாகவே சம்பாதித்த 2011, 2012 ஆண்டுகளிலும் வருடத்துக்குச் சுமார் 500 கோடி டாலர் போய்க்கொண்டிருந்தது. 2014இல்தான் நிறுத்தினார்கள்.

நிறுத்தினார்கள் என்றால், வடிவத்தை மாற்றினார்கள். இனி நஷ்டம் வந்தால்தான் பணம் என்றார்கள். விவசாயி இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்று, சட்டத்தில் குறித்த விலைக்குக் கீழே சந்தை விலை போனால் வித்தியாசத்தைக் கொடுப்பது. 2014இல் அந்த விலை சோளத்துக்கு 3.70 டாலர். இன்னொன்று, கவுண்டியின் சராசரி வருமானம் விழுந்தால் கொடுப்பது. அயோவாவில் கிட்டத்தட்ட எல்லோரும் இரண்டாவதை எடுத்தார்கள். அதற்குக் காரணம் ஒரு கணக்கு.

கவுண்டித் திட்டத்தில் முதலில் ஓர் அளவுகோல். கடந்த ஐந்து வருடங்களின் விலையில் அதிகமானதையும் குறைந்ததையும் தள்ளிவிட்டு மற்ற மூன்றின் சராசரி. விளைச்சலுக்கும் அதே மாதிரி. இரண்டையும் பெருக்கினால் ஏக்கருக்கு எதிர்பார்க்கும் வருமானம். 2014 சட்டப்படி அதில் 86 சதவீதம் உத்தரவாதம். இந்த வருடத்தின் கவுண்டிச் சராசரி விளைச்சலை நாட்டுச் சராசரி விலையால் பெருக்கி, உத்தரவாதத்துக்குக் கீழே போனால் வித்தியாசம் கிடைக்கும். ஆனால் எதிர்பார்ப்பில் 10 சதவீதத்துக்கு மேல் கிடையாது. அதுவும் அடிப்படை ஏக்கரில் 85 சதவீதத்துக்குத்தான்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். கவுண்டியின் சராசரி விளைச்சல் ஏக்கருக்கு 200 புஷல், சராசரி விலை 5 டாலர் என்றால் எதிர்பார்ப்பு 1,000 டாலர், உத்தரவாதம் 860. இந்த வருடம் விளைந்தது 195 புஷல், விலை 4.20 டாலர் என்றால் வருமானம் 819. வித்தியாசம் ஏக்கருக்கு 41 டாலர். 400 ஏக்கர் சோள அடிப்படை உள்ளவருக்கு 340 ஏக்கர் கணக்கில் 13,940 டாலர் வரும். பக்கத்துக் கவுண்டியில் எல்லாம் இதேபோல இருந்து, மழை ஒன்று கூடுதலாகப் பெய்து 210 புஷல் விளைந்திருந்தால் அங்கே வருமானம் 882. உத்தரவாதத்துக்கு மேலே, ஆகவே ஒரு காசு கிடையாது. கவுண்டி எல்லை என்பது பல இடங்களில் ஒரு ஜல்லிச் சாலை. சாலைக்கு இந்தப் பக்கம் பணம், அந்தப் பக்கம் பூஜ்யம். ஆலங்கட்டி மழை உங்கள் வயலை மட்டும் அடித்துப் போட்டால் இந்தத் திட்டத்துக்கு அது தெரியவே தெரியாது. கவுண்டி முழுக்க அடி வாங்கி உங்கள் வயல் மட்டும் தப்பினால் உங்களுக்கும் சேர்த்துக் கொடுக்கும்.

2014இல் எல்லோரும் இதை ஏன் எடுத்தார்கள் என்றால், முந்தைய ஐந்து வருடங்களில், வறட்சியால் விலை ஏறியிருந்த 2012ஐ ஒட்டிய காலமும் இருந்தது. சராசரி 5.29 டாலர் வந்தது. ஆனால் 2014 பயிர் விற்றது 3.70 டாலருக்கு. விலை மட்டுமே 30 சதவீதம் கீழே, ஆக சராசரி விளைச்சல் இருந்தால் முழுத் தொகையும் உறுதி. அந்த வருடம் அயோவாவில் விளைச்சல் அமோகம் என்பதால் சில கவுண்டிகளில் தொகை கரைந்தது, சிலவற்றில் முழுதாக வந்தது. போகப்போக நல்ல விலை வருடங்கள் கணக்கிலிருந்து நழுவின. 2016இல் அளவுகோல் விலை 4.79 ஆயிற்று, 2017இல் 3.95. விவசாயிக்குக் கஷ்டம் நான்காவது வருடம்தான் உறைக்கும். சேமிப்பு கரைந்து, வங்கிக்காரர் முகம் மாறுவது அப்போதுதான். சரியாக அந்த நேரத்தில் திட்டம் வற்றிப்போனது. நல்ல காலம் முடிந்த உடனே நிறையக் கொடுத்து, கெட்ட காலம் நீளும்போது கையை விரிக்கும் திட்டத்தை யார் யோசித்தார்களோ!

இன்னொரு சிக்கல், கவுண்டிச் சராசரி விளைச்சலை யார் சொல்வது என்பது. முதலில் வேளாண்மைத் துறையின் புள்ளிவிவரப் பிரிவு விவசாயிகளுக்கு அனுப்பும் கேள்வித்தாளை வைத்து எடுத்தார்கள். கேள்வித்தாளைக் குப்பையில் போடுபவர்கள் கூடக்கூட, பல கவுண்டிகளுக்குச் சராசரியே வெளியிட முடியாமல் போனது. 2018 சட்டத்துக்குப் பிறகு பயிர்க் காப்பீட்டுக் கணக்குகளுக்கு முதலிடம் கொடுத்தார்கள். அதே சட்டம், 2009 முதல் 2017 வரை பயிரே வைக்காமல் புல்லாகக் கிடந்த பண்ணைகளின் அடிப்படை ஏக்கருக்குப் பணம் இல்லை என்றும் சொன்னது. டெக்ஸாஸ் மனைகளின் நினைவு 12 வருடம் கழித்து வந்திருக்கும் போல.

அப்புறம் டிரம்ப்பின் வர்த்தகப் போர். 2018 ஜூலையில் சீனா அமெரிக்கச் சோயாவுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி போட்டது. கோசூத் மாதிரிக் கவுண்டிக்கு இது நேரடி அடி. காங்கிரஸைக் கேட்காமலே, 1933இல் உருவான கமாடிட்டி கிரெடிட் கார்ப்பரேஷன் என்ற அரசு நிறுவனத்தின் கடன் வாங்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தி வேளாண்மைத் துறை உதவி அறிவித்தது. சோயாவுக்குப் புஷலுக்கு 1.65 டாலர். மக்காச்சோளத்துக்கு ஒரு சென்ட். தட்டச்சுப் பிழை இல்லை, ஒரே சென்ட். ஏக்கருக்கு 200 புஷல் சோளம் எடுத்தவருக்கு இரண்டு டாலர், பக்கத்தில் 55 புஷல் சோயா எடுத்தவருக்கு 90 டாலர். சோளக்காரர்கள் கொதித்தது நியாயம்தான். 2019இல் முறையை மாற்றி, என்ன பயிர் போட்டாலும் கவுண்டிக்கு ஒரே விகிதம் என்றார்கள்: ஏக்கருக்கு 15 முதல் 150 டாலர் வரை. கவுண்டியில் எந்தப் பயிர் எவ்வளவு, அதை வர்த்தகப் போர் எவ்வளவு பாதித்தது என்று கணக்கிட்டு விகிதம் வைத்தார்கள். உயர்ந்த விகிதங்கள் பெரும்பாலும் பருத்தி விளையும் தெற்கே விழுந்தன, சோயாவை அதிகம் விற்றுக்கொண்டிருந்த அயோவாவுக்கு இல்லை. 2020இல் கோவிட் உதவியும் சேர்ந்தபோது விவசாயிகளுக்கு அரசு நேரடியாகக் கொடுத்தது சுமார் 4,600 கோடி டாலர். அதில் சட்டப்படி ஏற்கெனவே இருந்த திட்டங்களின் பங்கு சிறியது.

பட்டியலில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. பயிர்க் காப்பீட்டு மானியத்தில் பெயர்கள் கிடையாது. இன்று அமெரிக்க விவசாயியின் முதல் பாதுகாப்பு அதுதான். சோளத்துக்குப் பிப்ரவரி மாதம் முழுக்க டிசம்பர் வாயிதா விலை (டிசம்பரில் கொடுக்கப்போகும் சோளத்துக்கு முன்கூட்டியே பேசும் விலை) எப்படிப் போகிறது என்று பார்த்து அதன் சராசரியை வசந்தகால விலையாக வைப்பார்கள். அதையும் உங்கள் சொந்த விளைச்சல் பதிவையும் வைத்து உத்தரவாதம் வரும். பிரீமியத்தில் சராசரியாக 60 சதவீதத்துக்குச் சற்று மேல் அரசு கட்டுகிறது. விற்பது தனியார் கம்பெனிகள், அவற்றின் நிர்வாகச் செலவுக்கும் அரசு கொடுக்கிறது. வறட்சி வருடமான 2012இல் மட்டும் சுமார் 1,700 கோடி டாலர் இழப்பீடு போனது. இதற்கு வருமான வரம்பு இல்லை, ஒருவர் இவ்வளவுதான் பெறலாம் என்ற உச்சவரம்பு இல்லை, யாருக்கு எவ்வளவு என்ற பெயர்ப் பட்டியலும் வெளியே வராது. சொந்த வயலில் விழுந்த ஆலங்கட்டிக்கு உண்மையில் பணம் கொடுப்பது இதுதான் என்பதால் இதை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் வெளிச்சம் விழும் பகுதியை மட்டும் வைத்து மானியம் குறைந்துவிட்டது என்று பேசுபவர்களை நம்பக் கூடாது.

மற்ற திட்டங்களுக்கு உச்சவரம்பு உண்டு. ஒருவருக்கு 1,25,000 டாலர் என்று இருந்தது. இதைத் தாண்டும் வழிகள் ஊரறிந்தவை. மனைவிக்குத் தனியாக ஒரு பங்கு. கூட்டுப் பங்காண்மையாகப் பதிவு செய்தால் ஒவ்வொரு பங்காளிக்கும் ஒரு வரம்பு. பங்காளி வயலில் இறங்க வேண்டும் என்றில்லை, நிர்வாகத்தில் கலந்துகொண்டால் போதும், அதாவது மேலாண்மை பற்றித் தொலைபேசியில் பேசினாலும் வாதிடலாம். 2018 சட்டம், குடும்பம் என்பதில் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள், அண்ணன் தம்பி பிள்ளைகள் வரை சேர்த்துக்கொண்டது. அயோவாவின் செனட்டர் சக் கிராஸ்லி, தானே ஒரு விவசாயி, இந்த ஓட்டையை அடைக்கப் பல வருடமாக முயன்று தோற்றுக்கொண்டே இருக்கிறார். வேர்க்கடலைக்கு மட்டும் தனி உச்சவரம்பு இருப்பதும் ஒரு வேடிக்கை.  1995 முதல் கொடுத்த பயிர் மானியத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேல், அதிகமாக வாங்கிய பத்து சதவீதத்தினருக்குப் போயிருக்கிறது என்பது என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப்பின் கணக்கு. ஏக்கர் கணக்கில் கொடுத்தால் ஏக்கர் உள்ளவருக்குத்தான் போகும், இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை.

ஏக்கர் உள்ளவர் யார் என்பதுதான் கேள்வி. அயோவா மாநிலப் பல்கலைக்கழகம் 2022இல் எடுத்த கணக்கெடுப்பின்படி, மாநிலத்தின் விவசாய நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு 65 வயதைத் தாண்டியவர்களிடம் இருக்கிறது. பாதிக்கு மேல் நிலம் குத்தகையில் ஓடுகிறது. ரொக்கக் குத்தகை என்றால் விதிப்படி மானியம் உழுபவருக்கு. விளைச்சலில் பங்கு என்றால் சொந்தக்காரருக்கும் பங்கு. காகிதத்தில் நியாயமான ஏற்பாடு. ஆனால் அடுத்த குத்தகைக்குப் பேசும்போது அந்த நிலத்தோடு எவ்வளவு மானியம் வரும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும், ஒரே நிலத்துக்கு நான்கு பேர் போட்டியும் இருக்கும். 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் அயோவாவின் சராசரிக் குத்தகை ஏக்கருக்கு 279 டாலர். சோள விலை பாதியாகக் குறைந்தாலும் குத்தகை அந்த வேகத்தில் இறங்குவதில்லை. பொருளாதார அறிஞர் பாரெட் கர்வன் 2009இல் வெளியிட்ட ஆய்வில், மானியத்தில் டாலருக்குச் சுமார் 25 சென்ட் குத்தகை வழியாகச் சொந்தக்காரருக்குப் போவதாகக் கண்டார். முழுவதும் போய்விடும் என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் இது எதிர்பாராத அளவு குறைவு. குத்தகைக்காரருக்கு முக்கால் பங்கு மிஞ்சுகிறது. அதை வைத்து அவர் இன்னும் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுக்கப் போட்டி போடுவார் என்பது என் சந்தேகம்.

1930களில் இந்தச் சிக்கல் பச்சையாகவே நடந்தது. பருத்தி விதைப்பைக் குறைக்கக் கொடுத்த பணத்தைத் தெற்கின் நிலச் சொந்தக்காரர்கள் வாங்கிக்கொண்டு, பங்குக்குப் பயிர் செய்தவர்களை வெளியேற்றினார்கள். ஏக்கர் குறைந்துவிட்டதே, ஆள் எதற்கு! 1934இல் ஆர்கன்சாவின் டைரன்சாவில் வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்து குத்தகைக்காரர் சங்கம் தொடங்கியது இதனால்தான்.

கோசூத்தின் சோளம் நமக்கு எதற்கு என்றால், ஜெனிவாவில் அதன் மானியமும் நம் நெல், கோதுமை மானியமும் ஒரே மேஜைக்கு வருகின்றன. உலக வர்த்தக அமைப்பின் விதிப்படி விலையைத் திரிக்கும் மானியத்துக்கு அமெரிக்காவுக்கு வருடத்துக்கு 1,910 கோடி டாலர் வரை அனுமதி. இந்தியாவுக்கு அப்படி ஒதுக்கீடு இல்லை, விளைபொருளின் மதிப்பில் 10 சதவீதம்தான். 2018 மேயில் அமெரிக்கா, இந்தியா நெல்லுக்கும் கோதுமைக்கும் கொடுக்கும் ஆதரவு விலை அந்த வரம்பை எக்கச்சக்கமாகத் தாண்டுகிறது என்று ஜெனிவாவில் அறிக்கை வைத்தது. கணக்கு 1986-88ஆம் ஆண்டு விலையை அடிப்படையாக வைத்துப் போடப்படுகிறது என்பது இந்தியாவின் பழைய குறை. அங்கேயும் பழைய கணக்குதான் ஆள்கிறது. அமெரிக்காவும் ஒரு முறை வசமாக மாட்டியது. பருத்தி மானியத்தை எதிர்த்து 2002இல் பிரேசில் போட்ட வழக்கில் தோற்றது. மானியத்தைத் திருத்துவதற்குப் பதிலாக, 2010 முதல் வருடத்துக்கு 14.7 கோடி டாலரைப் பிரேசிலின் பருத்தி விவசாயிகளுக்கான நிதியத்துக்குக் கட்டியது. அதாவது தன் பருத்திக்காரர்களுக்கு மானியம் கொடுக்கும் உரிமைக்காகப் பிரேசில் பருத்திக்காரர்களுக்கும் மானியம் கொடுத்தது. 2014இல் 30 கோடி டாலரை மொத்தமாகக் கொடுத்து முடித்துக்கொண்டார்கள்.

2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட பெரிய வரிச் சட்டத்துக்குள் விவசாய மானியமும் இருந்தது. மக்காச்சோளத்தின் குறித்த விலை 3.70இலிருந்து 4.10 டாலர் ஆயிற்று, சோயா 8.40இலிருந்து 10 டாலர். கவுண்டித் திட்டத்தின் உத்தரவாதம் 86இலிருந்து 90 சதவீதம், உச்சம் 10இலிருந்து 12. தனிநபர் வரம்பு 1,55,000 டாலர். அடிப்படை ஏக்கரில் புதிதாக 3 கோடி ஏக்கர் வரை சேர்க்கலாம், 2019 முதல் 2023 வரை விதைத்ததை வைத்து. இனி அதுவும் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு வாங்குபவர், விற்பவர், வாரிசு என்று கைமாறும்.

ஆனால் இந்தத் திட்டங்களில் பணம் வருவது, சந்தை வருடம் முழுக்க முடிந்து சராசரி விலை தெரிந்த பிறகுதான். 2025இல் அறுத்த சோளத்துக்கு 2026 அக்டோபரில். விதை, உரம், குத்தகை எல்லாவற்றுக்கும் வங்கியில் போய் நிற்பது அதற்கு முந்தைய குளிர்காலத்தில். அந்த இடைவெளிக்கு என்று 2025 டிசம்பரில் 1,200 கோடி டாலர் உதவி தனியாக அறிவித்தார்கள். அதே வருடம் மார்ச்சில் 2024 பயிருக்காக ஏக்கர் கணக்கில் ஓர் உதவியைக் கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள், மக்காச்சோளத்துக்கு 42.91 டாலர், சோயாவுக்கு 29.76. ஜூலையில் உயர்த்திய விகிதங்களில் அந்த டிசம்பர் வரை ஒரு சென்ட்கூட யாருக்கும் வந்து சேர்ந்திருக்கவில்லை.